கோபுரம் இல்லாத கம்பனியின் சிம்மை நம்பலாமா?

வாசகர் கேள்வி:

"தம்பி, என் மகள் வரும் செப்டெம்பரில் நொட்டிங்ஹாமுக்கு மேற்படிப்புக்குப் போகிறாள். லண்டனில் இருக்கும் என் அண்ணா, வந்து இறங்கியதும் லெபாரா அல்லது லைக்கா சிம் போடலாம், மலிவு, எங்கட ஆட்கள் தொடங்கிய கம்பனிகள் என்கிறார். பக்கத்து வீட்டுப் பொடியன் கம்பியூட்டர் படித்தவன். அவர்களுக்கு அங்கே ஒரு டவர்கூடக் கிடையாது, அவசரத்துக்கு லைன் கிடைக்காது என்று அவன் சொல்கிறான். டவர் இல்லாமல் ஒரு கம்பனி எப்படிப் போன் லைன் கொடுக்கும்? பிள்ளை தனியப் போகிறாள். இரவில் ஒரு கோல் எடுத்தால் கிடைக்கவேண்டும், அதுதான் என் கவலை. அவளுடைய இங்கத்தைய இலக்கத்தை என்ன செய்வது? என் கணவர் தோட்டக்காரர், நான் தபாற்கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்றவள். எங்களுக்கு விளங்கும்படி எழுதுங்கள்."

ஒரு தாய், உரும்பிராய்

பதில்:

அன்புள்ள அக்கா,

உங்கள் அண்ணா சொன்னது சரி. பக்கத்து வீட்டுத் தம்பி சொன்னதில் முதல் பாதி சரி. லெபாராவுக்கும் லைக்காவுக்கும் பிரித்தானியாவில் சொந்தக் கோபுரம் இல்லை. அதனால் லைன் கிடைக்காது என்பதுதான் பிழை. நான் லண்டனில் இப்படியான கம்பனி ஒன்றின் தொழில்நுட்பப் பிரிவில் ஏழு வருடம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். உள்ளே இருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

உங்களுக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குவோம். நீங்கள் தபாற்கந்தோரில் இருந்த காலத்தில் தேசிய சேமிப்பு வங்கிப் புத்தகத்தோடு எத்தனை பேர் உங்கள் முன் வந்து நின்றிருப்பார்கள்! கட்டடம் தபால் திணைக்களத்துடையது, கவுண்டர் அவர்களுடையது, உள்ளே இருந்த நீங்களும் அவர்களுடைய ஆள். ஆனால் கணக்கும் வட்டியும் புத்தகத்தின் அட்டையில் இருந்த பெயரும் வங்கியுடையவை. உரும்பிராயில் வங்கிக்குச் சொந்தமாக ஒரு கட்டடம் இல்லாவிட்டாலும் காசு போடலாம், எடுக்கலாம். லெபாரா, லைக்கா போன்றவை செய்வதும் இதுதான். கோபுரம் வேறொருவருடைய கவுண்டர். கணக்கு இவர்களுடையது. இத்தகைய கம்பனியைத் தமிழில் மெய்நிகர் வலையமைப்பு இயக்குநர் என்று எழுதுகிறார்கள். தொழிலில் இருப்பவர்கள் எம்விஎன்ஓ என்று சுருக்கிச் சொல்வார்கள்.

இலக்கம் வேறு, அதைத் தாங்கும் கோபுரம் வேறு என்பதை யாழ்ப்பாணத்திலேயே பார்க்கலாம். 072 இலக்கத்தை ஆரம்பத்திலிருந்து வைத்திருக்கும் ஒருவர் செல்டெல், டிகோ, எட்டிசலாட், ஹட்ச் என்று நாலு பெயரைப் பார்த்துவிட்டார். பெயர் மாறியதால் இலக்கம் மாறவில்லை. 2024 ஜூனில் ஏர்டெல் லங்கா டயலொக்குடன் இணைந்தபோது 075 காரருக்கும் அப்படித்தான். எம்விஎன்ஓ முறையில் இலக்கக்காரரும் கோபுரக்காரரும் வெவ்வேறாக இருப்பது ஒரு ஒப்பந்தத்தால் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அலைக்கற்றை உரிமத்தைக் கோடிக்கணக்கில் காசு கொடுத்து எடுத்து, கோபுரம் கட்டி, அதற்கு மின்சாரமும் காவலும் போட்டு வைத்திருப்பவர் ஒருவர். அவரிடம் நிமிடங்களையும் டேட்டாவையும் மொத்த விலைக்கு வாங்கித் தன் பெயரில் சில்லறையாக விற்பவர் இன்னொருவர்.

பிரித்தானியாவில் சொந்தக் கோபுரம் உள்ளவை ஈஈ, ஓ2, வோடபோன், த்ரீ ஆகியவை. இதில் கடைசி இரண்டும் 2025 மே மாத இறுதியில் ஒரே கம்பனியாக இணைந்துவிட்டன. கடையில் தொங்குகிற மற்றப் பெயர்கள் எல்லாம் இவற்றில் ஏதோ ஒன்றின் மேல்தான் ஓடுகின்றன. லெபாரா வோடபோன் மேல். லைக்கா முன்பு ஓ2 மேல், இப்போது ஈஈ மேல். டெஸ்கோ என்ற மளிகைக் கடைக்காரரின் சிம் ஓ2 மேல். வேர்ஜின் மொபைல் 1999 நவம்பரில் வன்-டு-வன் என்ற கம்பனியின் வலையமைப்பில் தொடங்கிய சேவையைத்தான் இந்த முறைக்கு முன்னோடி என்று வழமையாகச் சொல்வார்கள். ஆகவே இது கால் நூற்றாண்டுப் பழக்கம், நேற்றுத் தொடங்கிய பரிசோதனை அல்ல.

சரி, மகள் நொட்டிங்ஹாமில் இறங்கிப் போனைப் போட்டால் என்ன நடக்கும்?

சிம்முக்குள் 15 இலக்கங்கள் கொண்ட ஒரு அடையாள எண் இருக்கும். நாம் அழைக்கிற தொலைபேசி இலக்கம் அல்ல அது, வலையமைப்புகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் எண். முதல் மூன்று இலக்கமும் நாடு: இலங்கைக்கு 413, பிரித்தானியாவுக்கு 234. அடுத்த இரண்டும் கம்பனி. இங்கே மொபிட்டலுக்கு 01, டயலொக்குக்கு 02. போன் பக்கத்தில் உள்ள கோபுரத்திடம் இந்த எண்ணைச் சொல்லும். கோபுரம் அதைப் பார்த்து, இது யாருடைய வாடிக்கையாளர், எந்தக் கம்பனியின் வாடிக்கையாளர் பதிவேட்டில் கேட்கவேண்டும் என்று கண்டுபிடிக்கும். பெரிய எம்விஎன்ஓக்கள் இந்தப் பதிவேட்டைத் தாங்களே வைத்திருக்கும். சிறியவை கோபுரக்காரரின் பதிவேட்டையே வாடகைக்கு எடுக்கும், அல்லது இதற்கென்றே நடுவில் இருக்கும் கம்பனி ஒன்றிடம் ஒப்படைக்கும்.

பதிவேடு உடனே நம்பிவிடாது. சேமிப்புப் புத்தகத்தோடு வருபவரின் கையெழுத்தை நீங்கள் ஒப்பிட்டுப் பார்த்ததுபோல அதுவும் பார்க்கும். சிம்முக்குள் 128 பிட் நீளமான ஒரு இரகசியச் சாவி, அதாவது யாரும் ஊகிக்க முடியாத ஒரு பெரிய எண், எழுதப்பட்டிருக்கிறது. அதே சாவி பதிவேட்டிலும் இருக்கிறது. பதிவேடு ஒரு எழுந்தமான எண்ணை அனுப்பும். சிம் அந்த எண்ணையும் தன் சாவியையும் சேர்த்துக் கணக்குப் போட்டு விடையை மட்டும் திருப்பி அனுப்பும். இரண்டு விடையும் ஒத்தால் கதவு திறக்கும். சாவி ஒருபோதும் காற்றில் போவதில்லை. இத்தனையும் ஒருவர் சீட்பெல்ட்டைக் கழற்றுகிற நேரத்துக்குள் முடிந்துவிடும். இதில் எனக்கு இன்றைக்கும் வியப்புத்தான்.

பிறகு அவள் உங்களுக்கு ஒரு கோல் எடுக்கிறாள் என்று வையுங்கள். முற்பணம் கட்டிய சிம் என்றால், அழைப்புகளை இணைத்துவிடும் கோபுரக்காரரின் மாற்றகம் அழைப்பை அனுப்பும் முன் ஒரு கணம் நிறுத்தி, எம்விஎன்ஓவின் கணக்குப் பிரிவிடம் இவருக்குக் காசு இருக்கிறதா என்று கேட்கும். அது சில நிமிடங்களுக்கான காசை ஒதுக்கிவைத்து, விடு என்று சொல்லும். அந்த நிமிடங்கள் தீர்ந்தால் திரும்பவும் கேட்கும். டேட்டாவும் அப்படித்தான், ஆனால் ஒரு படி கூட. இணையத்துக்குச் சொந்த நுழைவாயில் வைத்திருக்கும் கம்பனி என்றால், மகள் பார்க்கும் ஒவ்வொரு படமும் கோபுரக்காரரின் கம்பியில் வந்து, இவர்களுடைய வாசலைக் கடந்துதான் இணையத்துக்குப் போகும். அந்த வாசலின் பெயரைப் போன் தெரிந்திருக்க வேண்டும். போனின் அமைப்புப் பக்கத்தில் ஏபிஎன் (APN) என்று இருப்பது அதுதான். புதிய சிம் போட்டு, கோல் போகிறது ஆனால் வட்ஸ்அப் வேலை செய்யவில்லை என்றால், நான் பார்த்தவரை பெரும்பாலும் இந்தப் பெயர் பிழையாக இருக்கும். சிம்மோடு வரும் தாளில் அது எழுதியிருக்கும். அந்தத் தாளை எறியவேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். நான் வேலை செய்த இடத்தில் செப்டெம்பர் மாதம் வந்தாலே மாணவர்களின் இந்த ஒரே முறைப்பாடுதான் நாள் முழுக்க வரும்.

எங்கட ஆட்கள் தொடங்கிய கம்பனிகள் என்று அண்ணா சொன்னாரே, அதையும் கொஞ்சம் சொல்லவேண்டும். லெபாராவை 2001இல் தொடங்கியவர்கள் மூன்று ஈழத்தமிழ் இளைஞர்கள். அதற்கு ஐந்து வருடம் கழித்து, முல்லைத்தீவைப் பூர்வீகமாகக் கொண்ட அல்லிராஜா சுபாஸ்கரன் லைக்காவைத் தொடங்கினார். இரண்டுமே வெளிநாட்டு அழைப்பு அட்டை வியாபாரத்திலிருந்து வந்தவை. இதில் தற்செயல் எதுவும் இல்லை என்பது என் எண்ணம். 1990களில் குடாநாட்டில் போன் இல்லாத காலத்தில், பிள்ளையின் குரலைக் கேட்பதற்காக வவுனியாவுக்கும் கொழும்புக்கும் வந்து, கொமினிக்கேஷன் கடை வாங்கில் மணிக்கணக்காகக் காத்திருந்த தாய்மாரை நீங்களும் கண்டிருப்பீர்கள். மறுமுனையில் ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த பிள்ளைகள் கிழமைக் கூலியில் ஒரு பங்கை அட்டைக்கே கொடுத்தார்கள். பெரிய கம்பனிகளுக்கு அந்தப் பிள்ளைகள் ஒரு சந்தையாகவே தெரியவில்லை. அவர்களுக்குள் இருந்து வந்தவர்களுக்குத் தெரிந்தது. எந்த நாட்டுக்கு எந்த நேரம் அதிகம் பேசுவார்கள், எந்தக் கடையில் அட்டை வாங்குவார்கள், எந்த மொழியில் உதவி கேட்பார்கள் என்று அவர்களுக்குப் பாடம். கோபுரம் கட்டக் காசு இல்லை, ஆனால் வாடிக்கையாளரைத் தெரியும். எம்விஎன்ஓ என்ற முறை அப்படிப்பட்டவர்களுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி.

ஆனாலும் எங்கட ஆட்கள் என்ற ஒரே காரணத்துக்காக மகளுக்கு ஒரு சிம்மைத் தெரிவு செய்யவேண்டாம். பெருமை வேறு, சிக்னல் வேறு.

இப்போது உங்கள் கவலைக்கு வருகிறேன். கவரேஜைப் பொறுத்தவரை பதில் எளிது. எந்தக் கோபுரத்தின் மேல் ஓடுகிறதோ அதன் கவரேஜ்தான் இந்தச் சிம்மின் கவரேஜும். வோடபோன் சிக்னல் இருக்கும் இடத்தில் லெபாராவும் இருக்கும். வோடபோன் இல்லாத இடத்தில் அதுவும் இல்லை. ஆகவே லெபாரா நல்லதா லைக்கா நல்லதா என்று கேட்பதை விட, மகள் தங்கப்போகும் அறைக்குள் எந்த வலையமைப்பு நன்றாக எடுக்கும் என்று கேட்பதே பயன்தரும்.

வேகத்தைப் பொறுத்தவரை பதில் அவ்வளவு எளிதல்ல. இதை அத்தானிடம் கேளுங்கள், என்னை விட நன்றாகச் சொல்வார். பங்குக் கிணற்றில் எல்லோருக்கும் தண்ணீர் உண்டு, உறுதியிலேயே எழுதியிருக்கும். மார்கழியில் கிணறு நிரம்பிக் கிடக்கும்போது யார் முதலில் இறைத்தார் என்று யாரும் கேட்பதில்லை. ஆவணியில் அடி தெரியும்போதுதான் முறை யாருக்கு என்ற பேச்சு வரும். கோபுரமும் அப்படித்தான். கூட்டம் இல்லாத நேரத்தில் எம்விஎன்ஓ சிம்மும் கோபுரக்காரரின் சொந்தச் சிம்மும் ஒரே வேகம். கால்பந்து மைதானத்தில் முப்பதாயிரம் பேர் ஒன்றாகப் போனை எடுக்கும்போது, யாருடைய டேட்டாவை முதலில் விடுவது என்று கோபுரம் தீர்மானிக்கவேண்டி வரும். அந்த முன்னுரிமை மொத்த விலை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது. அமெரிக்காவில் மலிவுச் சிம்களைப் பின்வரிசையில் நிறுத்துவது வெளிப்படையாகவே நடக்கிறது. பிரித்தானியாவில் அது கம்பனிக்குக் கம்பனி வேறுபடும். ஆனால் குரல் அழைப்புக்குக் கொஞ்சத் தண்ணீரே போதும். நெரிசல் வந்தால் திக்கித் திணறுவது பெரும்பாலும் வீடியோதான்.

உண்மையான பலவீனம் ஒன்று இருக்கிறது, அதை மறைக்கமாட்டேன். நான் வேலை செய்த கம்பனியில் ஒரு சனிக்கிழமை இரவு பதிவேட்டு மென்பொருளைப் புதுப்பித்தோம். ஏதோ ஒரு அட்டவணை பிழையாக ஏறிவிட்டது. கோபுரங்கள் எல்லாம் நலமாக இருந்தன. கோபுரக்காரரின் சொந்த வாடிக்கையாளர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் சிம் போட்டவர்களின் திரையில் மட்டும் சேவை இல்லை என்று வந்தது. சரிசெய்ய நாலு மணித்தியாலம் எடுத்தது. அந்த நாலு மணித்தியாலத்தில் யார் யார் வீட்டுக்குக் கோல் எடுக்க முயன்றிருப்பார்கள் என்ற நினைப்பு எனக்கு இன்னும் போகவில்லை. சங்கிலியில் ஒரு கண்ணி கூடும்போது, அறுவதற்கான இடமும் ஒன்று கூடுகிறது. இப்படி நடப்பது அரிது, ஆனால் நடக்கும்.

ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள். அங்கே 999 அல்லது 112 அவசர அழைப்பு, தன் வலையமைப்புக்குச் சிக்னல் இல்லாவிட்டாலும், அந்த இடத்தில் கிடைக்கும் வேறு எந்த வலையமைப்பின் வழியாகவும் போகும். எந்தக் கம்பனியின் சிம் என்று பார்ப்பதில்லை. பொலிசும் அம்புலன்ஸும் இந்தத் தெரிவில் தங்கியிருக்கவில்லை. இரவில் ஒரு கோல் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் முதலில் இதைத்தான் சொல்ல நினைத்தேன்.

போனைப் பற்றியும் ஒரு கவனம். பிரித்தானியாவில் 3ஜி சேவையை நிறுத்திக்கொண்டு வந்து இப்போது ஏறக்குறைய முடித்துவிட்டார்கள். குரல் அழைப்பு 4ஜி வழியாகப் போகவேண்டும், இல்லாவிட்டால் பழைய 2ஜிக்கு இறங்கும். இங்கே கஸ்தூரியார் வீதியில் வாங்கிய போனில் 4ஜி குரல் அழைப்பு வசதி இருந்தாலும், அங்கத்தைய வலையமைப்புக்கு அது திறந்திருக்காமல் போகலாம். செங்கல் வீடுகளில் சிக்னல் உள்ளே வருவதும் கஷ்டம், அதனால் வைபை வழியாக அழைக்கும் வசதியும் முக்கியம். மலிவுச் சிம் எல்லாவற்றிலும் இந்த இரண்டும் ஒன்றுபோல இல்லை. அண்ணாவிடம் சொல்லி, மகளின் போன் மொடலைச் சொல்லி, இந்த இரண்டும் வேலை செய்யுமா என்று சிம் கம்பனியிடம் கேட்கச் சொல்லுங்கள். விலையைப் பற்றிக் கேட்பதற்கு முன் இதைக் கேட்கவேண்டும்.

எடுத்த சிம் சரிவராவிட்டால் பயப்பட ஒன்றும் இல்லை. PAC என்ற மூன்று எழுத்துகளை ஆங்கிலத்தில் 65075க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் ஒரு குறியீடு வரும். 30 நாள் செல்லுபடியாகும். அதைப் புதிய கம்பனியிடம் கொடுத்தால் ஒரு வேலைநாளில் அதே இலக்கம் அங்கே போய்விடும். ஆகவே முதல் மாதம் ஒப்பந்தம் இல்லாத, மாதாமாதம் காசு கட்டும் சிம்தான் நல்லது. ஒன்றரை வருடம், இரண்டு வருடம் என்று போனோடு சேர்த்துக் கட்டிவிடுகிற திட்டத்துக்குத் தலையாட்டவேண்டாம். படிக்கப் போகிற பிள்ளை விடுதி மாறும், ஊர் மாறும்.

என் தெரிவைக் கேட்டால், நொட்டிங்ஹாம் போன்ற நகரத்தில் படிக்கும் பிள்ளைக்கு எம்விஎன்ஓ சிம் தாராளமாகப் போதும். வெளிநாட்டு நிமிடங்கள் சேர்ந்த திட்டம் என்றால் இன்னும் நல்லது. எல்லோரும் வட்ஸ்அப்பில்தானே பேசுகிறோம், அது எதற்கு என்பார்கள். உரும்பிராயில் கரண்ட் போய், வைபை நின்று, உங்கள் டேட்டாவும் முடிந்த இரவில், அவள் நேரே உங்கள் இலக்கத்துக்கு எடுக்கிற ஒரு கோல்தான் வரும்.

இங்கத்தைய இலக்கத்தைக் கைவிடவே வேண்டாம். வங்கியின் ஓடிபி அதற்குத்தான் வரும். முதலில் அந்தச் சிம் மகளின் சொந்த அடையாள அட்டையில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். எங்கட வீடுகளில் பிள்ளையின் சிம் தகப்பனின் பெயரிலும், தகப்பனின் சிம் மாமாவின் பெயரிலும் இருப்பது வழமை. அவள் இங்கே இருக்கும்போதே கம்பனியின் கிளைக்கு நேரில் போய்த் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளட்டும். அங்கே போன பிறகு அது பெரும் தலையிடி. பயணத்துக்கு முன் ரோமிங் திறந்து, அந்தச் சிம்மில் டேட்டா ரோமிங்கை மட்டும் மூடிவிடவேண்டும். வெளிநாட்டில் குறுஞ்செய்தி வாங்குவதற்குப் பெரும்பாலும் காசு வெட்டமாட்டார்கள், அதையும் கிளையில் கேட்டு உறுதிசெய்யுங்கள். அந்தச் சிம்மில் கோல் எடுப்பதும் வந்த கோலைத் தூக்குவதும் காசு தின்னும், ஆகவே அது ஓடிபிக்கு மட்டும். சிம் செத்துப்போகாமல் இருக்க, இடைக்கிடை நீங்கள் இங்கிருந்தே ஒரு சின்ன ரீலோட் போட்டுவிடலாம்.

போனில் இரண்டு சிம் போடும் வசதி இருந்தால் வேலை சுலபம். ஒன்றுதான் போடலாம் என்றால், இங்கத்தையதை ஈசிம்மாக, அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிகிற சிம்மாக, மாற்ற முடியுமா என்று அதே கிளையில் கேளுங்கள். இரண்டு சிம்மும் கையில் கலந்துபோனால் அட்டையைப் பார்த்தால் தெரியும். அதில் அச்சடித்த நீண்ட எண் 8994 என்று தொடங்கினால் எங்கட நாட்டுடையது, 8944 என்றால் பிரித்தானியாவுடையது.

மகளுக்கு விடுதி உறுதியானதும் அதன் அஞ்சல் குறியீட்டை அண்ணாவுக்கு அனுப்புங்கள். பிரித்தானியாவின் ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஒவ்கொம்மின் இணையப் பக்கத்தில் அந்தக் குறியீட்டைப் போட்டால், எந்த வலையமைப்பு வீட்டுக்குள் எப்படி எடுக்கும் என்று காட்டும். நீங்கள் தபாற்கந்தோரில் இருந்தவர், குறியீட்டில் ஒரு எழுத்து மாறினால் கடிதம் எங்கே போகும் என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதில் வோடபோன் நன்றாக இருந்தால் லெபாரா, ஈஈ நன்றாக இருந்தால் லைக்கா. அண்ணா அதை முன்கூட்டியே வாங்கிவைத்துக்கொண்டு ஹீத்ரோவுக்கு வரட்டும்.